முளைக்காத பல்லுக்கு ஒரு சரித்திரம்

2019 ஜூலை கடைசியில் வந்த ஒரு செய்தி உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில், ஏழு வயசுப் பையன் ஒருவனின் கீழ்த்தாடையிலிருந்து 526 பற்களை எடுத்தார்கள். தட்டச்சுப் பிழை இல்லீங்க. ஐநூத்தி இருபத்தாறேதான். அந்த வாரம் பூரா வாட்ஸப்பில் இதே பேச்சு. வழக்கம்போல மொக்கை ஜோக்குகளும் வந்து குவிந்தன.

எல்லாரும் 526-ஐப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அந்தச் செய்தியில் இன்னொரு எண்தான் உறுத்தியது. பையனுக்குத் தாடை வீங்கியதைப் பெற்றோர் முதலில் கவனித்தது அவனுடைய மூணு வயசில். அப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பச்சைப்பிள்ளை, பரிசோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. திரும்பி வந்துவிட்டார்கள். ஆபரேஷன் நடந்தது ஏழு வயசில். நடுவில் நாலு வருஷம்.

அந்த நாலு வருஷத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒரு குழந்தையின் தாடைக்குள் வேண்டாத பல் ஒளிந்திருக்கிறது என்றால், அதை எடுக்க மனுஷனுக்கு என்னென்ன தேவைப்பட்டது, அதெல்லாம் எப்போ கிடைத்தது, எதெது இன்னமும் கிடைக்கவில்லை? தேடிப் படிக்க ஆரம்பித்தால் சுஸ்ருதர், டைனோசருக்கு முந்தின பிராணி, பாஸ்டன் நகரம், நம்ம ஆனைமலை என்று எங்கெங்கேயோ இழுத்துக்கொண்டு போகிறது. கொஞ்சம் பொறுமையா வாங்க.

முதலில் பல் எப்படிக் கூடுதலா முளைக்குதுன்னு பார்த்துடலாம்.

நமக்குப் பால்பல் 20, நிரந்தரப்பல் 32. இதெல்லாம் ஈறுக்குள்ளே ஓடும் ஒரு மெல்லிய திசுப்பட்டையிலிருந்து மொட்டு மொட்டாகக் கிளம்புகின்றன. இத்தனாவது இடத்தில் ஒரு மொட்டு, இதோடு நிறுத்து என்று ஒரு கணக்கு உண்டு. நம்ம பொட்டிதட்டும் பாஷையில் சொன்னால், அது ஒரு லூப். நிறுத்தச் சொல்லும் வரி சரியாக வேலை செய்யாவிட்டால் லூப் இன்னும் ஒரு சுற்று ஓடிவிடும். ஒரு பல் கூடுதல். இது ஊரில் உள்ளதுதான். நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு இருக்கும் என்கிறார்கள். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம்.

இப்படி வரும் கூடுதல் பல் பெரும்பாலும் மேல்தாடையில், இரண்டு முன்பற்களுக்கு நடுவில்தான் வரும். அதற்கு 'மீசியோடென்ஸ்' என்று பெயர் வைத்தவர் லூயி போல்க் என்ற டச்சு உடற்கூறு அறிஞர், 1917-ல். ஆணி மாதிரி கூம்பாக இருக்கும். பல சமயம் வெளியிலேயே வராது. எலும்புக்குள்ளேயே கிடக்கும். சில பிள்ளைகளுக்குத் தலைகீழாகத் திரும்பி மூக்கைப் பார்த்து வளரும். அது வழியை அடைத்துக்கொண்டிருப்பதால், முறையாக வரவேண்டிய முன்பல் வரமுடியாமல் உள்ளேயே நின்றுவிடும். அல்லது கோணிக்கொண்டு வரும். சில பேருக்கு அதைச் சுற்றி நீர்க்கட்டி உண்டாகும். அபூர்வமாகப் பக்கத்துப் பல்லின் வேரையும் அரிக்கும்.

சென்னைப் பையனுக்கு வந்தது இதற்கெல்லாம் பெரியண்ணன். லூப் ஒரு சுற்று கூடுதலாக ஓடவில்லை, நிற்கவே இல்லை. 'ஓடோன்டோமா' என்று பெயர். புற்றுநோய் இல்லை. பல் உண்டாக்கும் திசுவே கட்டியாகி, குட்டிக்குட்டிப் பற்களாகப் பெற்றுத் தள்ளும். அந்தப் பெயரை 1867-ல் வைத்தவர் பால் புரோகா. மூளையில் பேச்சுக்கான பகுதியைக் கண்டுபிடித்தாரே, அதே பிரெஞ்சு மருத்துவர்தான்.

இது நவீன வாழ்க்கையால் வருது, சாப்பாட்டால் வருது, செல்ஃபோன் டவரால் வருதுன்னு நம்மாளுங்க உடனே ஆரம்பிச்சிடுவாங்க. அவர்களுக்காகவே ஒரு தகவல். 2016 டிசம்பரில் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தான்சானியாவில் கிடைத்த 'கோர்கோனாப்சியன்' என்ற பிராணியின் புதைபடிவத் தாடையை மெல்லிசு மெல்லிசாக அறுத்துப் பார்த்தபோது, கோரைப்பல்லின் வேரை ஒட்டிக் குட்டிப் பற்கள் கொத்தாக இருந்தன. அச்சு அசல் ஓடோன்டோமா. வயசு 25 கோடியே 50 லட்சம் வருஷம்! டைனோசரே அப்போது பூமிக்கு வந்திருக்கவில்லை. ஆக, இந்த பக் ரொம்பப் பழைய கோடில் இருக்கும் பக். நாம் வந்துதான் அதைக் கண்டுபிடித்தோம்.

கண்டுபிடித்ததிலும் நம்ம நாட்டுக்காரர் முன்வரிசையில் இருக்கிறார். சுஸ்ருத சம்ஹிதையில் கூடுதல் பல்லைப் பற்றித் தனியாகவே பேச்சு வருகிறது. பல்லுக்கு மேல் பல் வளர்வதையும், அது வரும்போது வலி உயிர் போவதையும் ஒரு நோயாகவே கணக்கில் எடுத்திருக்கிறார்கள். சிகிச்சையும் இருக்கிறது. அதிகப்படியான பல்லைப் பிடுங்கு, பிறகு அந்த இடத்தை நெருப்பால் சுடு. அவ்வளவுதான்.

"பார்த்தீங்களா, எல்லாமே நம்மகிட்ட அப்பவே இருந்துச்சு" என்று காலரைத் தூக்கிவிடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். அதில் சொல்லியிருப்பது கண்ணுக்குத் தெரியும் பல்லை. எலும்புக்குள் கிடக்கும் பல்லை யார் பார்த்தார்கள்? அப்புறம் சூடு. வளர்ந்த ஆளே தாங்க மாட்டான். ஏழு வயசுப் பிள்ளையின் வாயை யார் திறந்து பிடித்துக்கொள்வது? சுஸ்ருதரிடம் கை இருந்தது, கருவி இருந்தது, துணிச்சல் இருந்தது. இரண்டு விஷயம் இல்லை. உள்ளே பார்க்கும் கண், பிள்ளையை அசையாமல் படுக்க வைக்கும் மருந்து.

அந்த இரண்டும் வர ஏகப்பட்ட நூற்றாண்டுகள் ஆயின. அதுவரைக்கும் மனுஷன் சும்மா இருப்பானா? தெரியாத இடத்தையெல்லாம் நம்பிக்கையால் நிரப்பினான்.

எங்க மதுரைப் பக்கத்தில் பல்லைப் பற்றிய நம்பிக்கைகளை எழுதினால் தனிப் பதிவு போடலாம். பிள்ளைக்கு மேல்பல் முதலில் முளைத்தால் மாமனுக்கு ஆகாது. தெத்துப்பல் அதிர்ஷ்டம். விழுந்த பால்பல்லைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறியணும், அப்பதான் புதுப்பல் ஒழுங்கா வரும். இதெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத சமாச்சாரம். ரசிக்கலாம்.

ஒரே ஒரு நம்பிக்கைதான் விவகாரமானது. "மேல்பல்லைப் பிடுங்கினா கண்ணு போயிடும்."

இதை நீங்களும் கட்டாயம் கேட்டிருப்பீர்கள். திருமங்கலம் பக்கம் எங்க அக்கா வீட்டில் நானே நேரில் கேட்டேன். அக்கா பையனுக்கு எட்டு வயசு. முன்பல் இரண்டில் இடதுபக்கம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. வலதுபக்கம் வரவே இல்லை. பால்பல் மட்டும் விழுந்து வெறும் ஈறு. மதுரையில் ஒரு பல் டாக்டர் பார்த்துவிட்டு, உள்ளே ஏதோ தடுக்குது, படம் எடுத்துப் பார்க்கணும், தேவைப்பட்டால் ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார். பையனோட அப்பத்தா ஒரே பிடியாக நின்றது. "ஏய்யா, பச்சப்புள்ள மேப்பல்லுல கத்திய வச்சா கண்ணு மங்கிப் போகும்யா. அவன் தாத்தனுக்கே பத்து வயசுலதான் பல்லு வந்துச்சு. தன்னால வரும், விடுங்கய்யா."

அப்பத்தாவைக் கிண்டல் பண்ணுவது சுலபம். ஆனால் இந்த பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்தால் அதில் ஒரு நியாயம் தெரியும். மேல்பல் வலித்தால் கண்ணுக்குக் கீழேயும் வலிக்கும். மேல்பல்லில் சீழ் வைத்தால் கண்ணுக்கடியில் வீங்கிக் கண்ணே மூடிக்கொள்ளும். காரணம், முகத்தின் உணர்ச்சிக்கான ஐந்தாவது மூளை நரம்பு. அதன் ஒரு கிளை கண்குழிக்கு அடியில் ஓடி மேல்பல்லுக்கும் கன்னத்துக்கும் போகிறது. பார்வைக்கான நரம்பு இரண்டாவது. அது தனி ரூட். இரண்டும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன, ஒரே வீட்டில் இல்லை. ஆங்கிலத்தில்கூட மேல் கோரைப்பல்லுக்குக் 'கண் பல்' என்றுதான் பெயர். ஆக, நம்ம அப்பத்தாவுக்குத் துணையாக வெள்ளைக்காரப் பாட்டிகளும் இருந்திருக்கிறார்கள் :-)

வேடிக்கை என்னன்னா, சரித்திரத்தில் கண்ணுக்கும் பல்லுக்கும் நிஜமாகவே ஒரு சம்பந்தம் உண்டு. நேர் எதிரான சம்பந்தம். அதைச் சொல்வதற்கு முன்னால் வலியின் கதையைப் பார்த்துவிடலாம்.

பழைய காலத்தில் எங்க ஊர்ப்புறங்களில் ரணசிகிச்சை பார்த்தவர்கள் நாவிதர்கள். 'மருத்துவர்' என்பதே அந்தச் சமூகத்தின் பெயர். கட்டி கீறுவது, பல் பிடுங்குவது எல்லாம் அவர்கள் கையில்தான். அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். ஐரோப்பாவிலும் இதே நிலைமைதான். நவீன பல் மருத்துவத்தின் தந்தை என்று சொல்லப்படும் பியர் ஃபோஷார் 1728-ல் வெளியிட்ட புத்தகத்தில், நோயாளியைத் தரையில் உட்கார வைக்காதீர்கள், நாற்காலியில் உட்கார வையுங்கள் என்று எழுத வேண்டியிருந்தது. அதுவரை தரையில் உட்காரவைத்து, தலையை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு பிடுங்கியிருக்கிறார்கள்!

வலியை ஜெயிக்கணும்னு மல்லுக்கு நின்றவர்களில் பல் டாக்டர்களும் முக்கியமானவர்கள். யாரைவிடவும் அவர்களிடம்தான் ஜனங்கள் அதிகமாக அலறினார்கள். அமெரிக்காவில் ஹொரேஸ் வெல்ஸ் 1844 டிசம்பரில் நைட்ரஸ் ஆக்ஸைடு, அதாங்க சிரிப்பு வாயு, அதை முகர்ந்து தன்னுடைய பல்லையே பிடுங்க வைத்துப் பார்த்தார். வலிக்கவில்லை. உற்சாகமாக 1845-ல் பாஸ்டனில் எல்லார் முன்னாலும் செய்து காட்டினார். வாயு சரியாக ஏறவில்லை, நோயாளி கத்திவிட்டார். கூட்டம் கேலி செய்து விரட்டியது. மனுஷன் அதிலிருந்து மீளவே இல்லை. 1848-ல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். அவருடைய பழைய கூட்டாளியான வில்லியம் மார்ட்டன், அவரும் பல் டாக்டர், 1846 அக்டோபர் 16 அன்று அதே பாஸ்டனில் ஈத்தர் கொடுத்து ஜெயித்துக் காட்டினார். அடுத்த வருஷமே, 1847-ல், கல்கத்தாவில் ஈத்தர் கொடுத்து ஆபரேஷன் செய்தார்கள். இன்டர்நெட் இல்லாத காலம். கப்பலில் வந்த செய்தி அது!

ஆனால் மயக்க மருந்து குழந்தைகளுக்கு அவ்வளவு சுலபமாக வசப்படவில்லை. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயசுப் பெண்ணுக்கு கால்நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிஷங்களில் இறந்துபோனாள். நகத்துக்காகப் போய் உயிரே போய்விட்டது. "பல்லு எடுக்க மயக்கம் கொடுக்கணுமா? வேணாம்" என்று அக்காவும் மச்சானும் பயந்ததை நான் தப்பாகவே நினைக்கவில்லை. அந்த பயத்துக்கு ஒரு காலத்தில் ரொம்ப நியாயம் இருந்தது. இன்று தூக்கம் வர மருந்து கொடுத்து, மூச்சுக்குழாய் போட்டு, ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று விரல் நுனியில் க்ளிப் மாட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பக்கத்திலேயே மயக்க மருத்துவர் நிற்கிறார். ஹன்னாவுக்கு இதில் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

இப்போ அந்தக் கண் கதை. 1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் கண் டாக்டர், கொக்கெய்ன் கரைசலைக் கண்ணில் சொட்டுவிட்டால் கண் மரத்துப்போகிறது என்று கண்டுபிடித்தார். முழு ஆளையும் மயக்காமல் ஓர் இடத்தை மட்டும் மரக்கச் செய்வது அங்கேதான் தொடங்கியது. சீக்கிரமே அதை ஊசியில் ஏற்றித் தாடை நரம்பில் போட்டார்கள். கொக்கெய்ன் ஆளைத் தின்னும் சரக்கு என்பதால், 1905-ல் அதற்கு மாற்றாக நோவோகெய்ன் வந்தது. 1943-ல் ஸ்வீடனில் லிடோகெய்ன் உருவானது. இன்றைக்கு உங்கள் தெருமுனைப் பல் டாக்டர் போடும் ஊசி பெரும்பாலும் அதுதான். பல்லைப் பிடுங்கினால் கண் போகும் என்கிறோம். கண்ணிலிருந்து வந்த மருந்தால்தான் பல்லையே வலிக்காமல் பிடுங்குகிறோம். அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதைக்கூடச் சொல்லவில்லை என்றால் எப்படி?

சரி, வலி தீர்ந்தது. பார்வை?

1895 நவம்பரில் ராண்ட்கன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். சேதி வெளிவந்து சில வாரங்களில், 1896 ஜனவரியில், ஜெர்மனியின் ஓட்டோ வால்கோஃப் என்ற பல் டாக்டர் தன் வாய்க்குள்ளேயே கண்ணாடித் தகட்டை வைத்துத் தன் பல்லைப் படம் எடுத்துக்கொண்டார். 25 நிமிஷம் அசையாமல் கிடந்திருக்கிறார். இன்று ஒரு செகண்டுகூட ஆகாது. எந்தப் பிள்ளை 25 நிமிஷம் அசையாமல் கிடக்கும்?

அந்த நேரத்தைக் குறைக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் அமெரிக்காவின் எட்மண்ட் கெல்ஸ். கதிர் சரியாக வருகிறதா என்று பார்க்கத் தன் கையையே நடுவில் நீட்டிப் பார்ப்பார். தினமும். வருஷக்கணக்காக. கையில் புற்றுநோய் வந்தது. விரல் விரலாக வெட்டினார்கள், பிறகு கையையே எடுத்தார்கள். 1928-ல் அவரும் தன்னையே முடித்துக்கொண்டார். இன்று எக்ஸ்ரே அறையில் டெக்னீஷியன் சுவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு பொத்தானை அமுக்குகிறார் அல்லவா, அந்தச் சுவரில் கெல்ஸ் மாதிரி ஆட்களின் விரல்கள் இருக்கின்றன.

எக்ஸ்ரே வந்துவிட்டது. ஆனால் அதில் ஒரு சிக்கல். அது நிழல். நிழலில் பல் இருப்பது தெரியும், அது முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா என்று தெரியாது. முன்பல்லுக்கு முன்னால், உதட்டுப் பக்கம் இருந்தால் ஒரு வழியாகப் போய் எடுக்கணும். பின்னால், அண்ணத்துப் பக்கம் இருந்தால் வேறு வழி. தப்பான பக்கம் திறந்தால் பிள்ளையின் வாயைச் சும்மா கிழித்தது மாதிரி.

இதற்கு 1910-ல் கிளார்க் என்பவர் ஒரு வழி சொன்னார். முளைக்காத பல்லின் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதே அவருடைய கட்டுரைத் தலைப்பு. ஃபார்முலா எல்லாம் வேண்டாம், மதுரையிலிருந்து மேலூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோர சீட் போதும். ஒத்தக்கடைப் பக்கம் போகும்போது வெளியே பாருங்கள். ரோட்டோரப் பனைமரம் சர்ரென்று பின்னால் ஓடும். தூரத்து ஆனைமலை உங்கள் கூடவே வருகிற மாதிரி இருக்கும். கிட்டே இருப்பது எதிர்த்திசையில் நகரும், தள்ளி இருப்பது நம்மோடு வரும். அவ்வளவுதான் கிளார்க் விதி! எக்ஸ்ரே குழாயைக் கொஞ்சம் நகர்த்தி இரண்டு படம் எடு. ஒளிந்திருக்கும் பல் குழாய் போன திசையிலேயே நகர்ந்திருந்தால் அது ஆனைமலை, அதாவது பின்னால், அண்ணத்துப் பக்கம். எதிர்த்திசையில் ஓடியிருந்தால் பனைமரம், உதட்டுப் பக்கம்.

அக்கா பையனுக்கும் இப்படித்தான் இரண்டு படம் எடுத்தார்கள். ஆனைமலை. கூம்பு மாதிரி ஒரு பல், தலைகீழாக, வலது முன்பல்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது. அப்பத்தா படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தது. "இதுவா மறிச்சுக்கிட்டு நிக்கிது?" என்றது. அதற்கப்புறம் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. எந்த விளக்கமும் செய்யாத வேலையை ஒரு நிழல்படம் செய்துவிட்டது.

கிளார்க்குக்குப் பிறகு, பின்லாந்தின் பாட்டெரோ என்பவர் முகத்தைச் சுற்றி வந்து இரண்டு தாடையையும் ஒரே நீளப் படமாக எடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1950-களில் அது பிரபலமானது. நாம் 'ஓபிஜி' என்று சொல்வது அதைத்தான். 1990-களின் கடைசியில் பல்லுக்கென்றே முப்பரிமாண ஸ்கேனும் வந்துவிட்டது. பனைமரக் கணக்கே போடாமல் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம்.

கண் கிடைத்தது, மயக்கம் கிடைத்தது. இன்னும் ஒன்று பாக்கி. இதையெல்லாம் தெரிந்த ஓர் ஆள், பிள்ளைக்குப் பக்கத்தில்.

இந்தியாவில் அந்தக் கதை ரொம்பச் சின்னது. டாக்டர் ரஃபியுதீன் அகமது கல்கத்தாவில் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆரம்பித்தது 1920-ல். அவர் பிறந்த டிசம்பர் 24-ஐத்தான் தேசிய பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறோம். பல் மருத்துவர்கள் சட்டம் வந்தது 1948-ல். படித்த டாக்டர்கள் அப்போது அவ்வளவு குறைவு. அதனால், பட்டம் இல்லாமல் அதையே பிழைப்பாக நடத்தி வந்தவர்களையும் 'பி' பிரிவு என்று தனியாகப் பதிவு செய்துகொண்டார்கள். சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்து சென்னையில் குடியேறி, தலைமுறை தலைமுறையாகப் பல் வைத்தியம் பார்த்த குடும்பங்களும் அந்தக் காலத்தின் மிச்சம்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியது 1953-ல்.

மதுரை மருத்துவக் கல்லூரி வந்தது 1954-ல். எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று இருந்து பிறகு ராஜாஜி ஆஸ்பத்திரியான 'பெரியாஸ்பத்திரி'தான் சுத்துப்பட்டு ஜில்லாக்கள் எல்லாவற்றுக்கும் கடைசி நம்பிக்கை. மதுரையில் இன்று தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் இருக்கின்றன. கிழக்கே புதுக்கோட்டையில் 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. தாத்தாவுக்குப் பத்து வயசில் பல் வந்த கதையை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரியும். அவர் "தன்னால வரும்" என்று காத்திருந்ததற்குக் காரணம் அறியாமை மட்டுமில்லை. காத்திருப்பதைத் தவிர அன்று அவருக்கு வேறு எதுவும் கிடையாது.

இன்றைக்கு அப்படி இல்லை என்பதுதான் வித்தியாசம். அக்கா பையனுக்கு முழு மயக்கம் கொடுத்து, அண்ணத்துப் பக்கம் ஈறை மெல்ல விலக்கி, கொஞ்சமே கொஞ்சம் எலும்பைத் தேய்த்து, அந்தப் பல்லை எடுத்துத் தையல் போட்டார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எடுத்ததைக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். நெல்லை விடக் கொஞ்சம் பெரிசு. இதையும் சாணியில் வைத்துக் கூரைமேல் எறியணுமா என்று பையன் கேட்டான். "அது கணக்குல வராத பல்லுய்யா, அதுக்குச் சடங்கு கெடையாது" என்று அப்பத்தா தீர்ப்பு சொல்லிவிட்டது. மறித்து நின்ற பல் போனபிறகு, வரவேண்டிய முன்பல் சில மாதங்களில் தானாகவே இறங்கி வந்தது.

எல்லாக் கூடுதல் பல்லையும் ஓடிப்போய் எடுக்கணும் என்று இல்லை. தொந்தரவு செய்யாமல் கிடந்தால் அவ்வப்போது படம் எடுத்துக் கண்காணித்தால் போதும் என்பார்கள். எப்போ எடுக்கணும் என்பதிலும் டாக்டர்களுக்குள் பழைய சண்டை உண்டு. ரொம்பச் சீக்கிரம் எடுத்தால், பக்கத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் பல்லுக்கு அடி படலாம். ரொம்பத் தாமதித்தால் பக்கத்துப் பற்கள் சாய்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் கம்பி கட்டி இழுக்கணும். அதை டாக்டர் முடிவு பண்ணட்டும். முடிவு பண்ண அவர் முன்னால் பிள்ளை போய் உட்காரணும், அதுதான் நம்ம வேலை.

சென்னைக்கு முன்னால் மும்பையில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2014 ஜூலையில் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் 17 வயசுப் பையனின் தாடையிலிருந்து 232 பற்களை எடுத்தார்கள். மகாராஷ்டிராவில் ஒரு கிராமத்துப் பையன். ஒன்றரை வருஷம் அவதிப்பட்டிருக்கிறான். உள்ளூர் டாக்டர்களால் என்ன என்று கண்டுபிடிக்க முடியாமல்தான் மும்பைக்கு வந்திருக்கிறான். கட்டி இறுகிப்போய், உளியும் சுத்தியலும் வைத்துத் தட்டி எடுக்க வேண்டியதாயிற்று. ஏழு மணி நேரம்.

சென்னைப் பையனுக்கு டாக்டர் செந்தில்நாதன் குழுவினர் தாடையைப் பக்கவாட்டில் உடைக்காமல், மேலிருந்தே திறந்து, சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு பை மாதிரியான கட்டியை அப்படியே வெளியே எடுத்தார்கள். டாக்டர் பிரதிபா ரமணி குழுவினர் உட்கார்ந்து அதைப் பிரித்து எண்ணி முடிக்கவே நாலைந்து மணி நேரம் ஆனது. 0.1 மில்லிமீட்டரிலிருந்து 15 மில்லிமீட்டர் வரை. அத்தனையும் எனாமலும் வேரும் உள்ள குட்டிப் பற்கள். மூணாம் நாள் பையன் வீட்டுக்குப் போய்விட்டான். வாயில் ஒழுங்கான 21 பற்கள் மிச்சம்.

அந்த ஆபரேஷனுக்குத் தேவையான மயக்கமும் ஸ்கேனும் அவனுக்கு மூணு வயசு இருக்கும்போதே உலகத்தில் இருந்தன. சரித்திரம் தன் பங்கைச் செய்து முடித்துவிட்டது. அவன் வீட்டுக்கும் அந்த மேஜைக்கும் நடுவில் இருந்த நாலு வருஷத்தை எந்த விஞ்ஞானியும் வந்து குறைக்க முடியாது. அது வீட்டில் பேசவேண்டிய பேச்சு, எடுக்கவேண்டிய பஸ்.

அதனால் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஆறேழு வயசுப் பிள்ளை இருந்தால் ஒரு கணக்கு மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து முன்பல் வந்து ஆறு மாசம் ஆகியும் ஜோடிப்பல் வரவில்லையா? தன்னால வரும் என்று உட்காராதீர்கள். ஒரு படம் எடுத்துப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்றால் சந்தோஷமாகத் திரும்பி வரலாம்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுகிறவன். பதிவைப் படித்துவிட்டு எனக்குப் பல் எக்ஸ்ரே அனுப்பாதீர்கள் :-) பல் டாக்டரிடம் காட்டுங்கள்.